ஒண்ணுமில்ல, நீ எழுது

கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது டயர்காரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். போகக் கூடாது என்று அவருக்குத் தெரியும். மனைவி காலையிலேயே சொல்லியிருந்தாள். முதல் நாளும் சொல்லியிருந்தாள். போதாதென்று மகள் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியும் இருந்தாள். அந்தத் தாளுக்குக் கீழே இருந்த கைப்பிடியைத் திருப்பி, உள்ளே ஓர் அடி வைத்தார். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த மனைவி திரும்பிப் பார்த்து, "என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, நீ எழுது" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீடு பட்ட பாடுதான் பெரிது.

அவர் மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் லாண்டரியில் வேலை. வார்டுகளிலிருந்து தள்ளுவண்டியில் வந்து குவியும் விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் சட்டை எல்லாவற்றையும் பிரித்து, ரத்தக்கறை பட்டதைப் பச்சைத்தண்ணீரில் தனியாக ஊறப்போட்டு, ஆள் உயர மெஷின்களில் ஏற்றி இறக்கி, காய்ந்ததைச் சுடச்சுட இஸ்திரி உருளைக்குள் கொடுத்து எடுக்க வேண்டும். விரிப்பு மடிக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். எதிரே நிற்பவள் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவாள், இவள் நடந்து போவாள், நடுவில் கையும் கையும் தொடும், மறுபடி விலகுவார்கள். பகல் முழுக்க இதே நடைதான். ஊர்க்கதை பேசிக்கொண்டே மடித்த காலம் போய், இவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாடம் கேட்க ஆரம்பித்ததும், எதிரே நின்றவளுக்கு மனத்தாங்கல்.

"செத்துப்போன ராஜாக்களோட கதையெல்லாம் கேக்கறே. உசிரோட எதிர்ல நிக்கறேன், என் கதையைக் கேக்க உனக்கு நேரமில்ல" என்பாள்.

படித்தது வரலாறு. எம்.ஏ. எல்லாம் இணையத்தில்தான். வகுப்பு, கட்டுரை, பரீட்சை எதற்கும் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்பே பி.ஏ. முடித்திருந்தாள். நடுவில் ஒரு மகளும், ஒரு லாண்டரி வேலையும், ஓயாத வீட்டு வேலையும் வந்து சேர்ந்துகொண்டன. எம்.ஏ. படித்தால் லாண்டரியில் ஒன்றும் மாறப்போவதில்லை. வேறு வேலைக்கு அவள் முயன்றதாகவும் தெரியவில்லை. "எதுக்கும்மா இது?" என்று டயர்காரரின் அக்கா மாடியிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் கேட்பாள். "தெரியல அண்ணி. படிக்கணும்னு இருக்கு" என்பாள் இவள். அந்தப் பதில் அக்காவுக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டு கீழே இறங்கவே இல்லை.

டயர்காரர் கேட்டதில்லை. மற்றவர்களை விட அவருக்குத்தான் உற்சாகம் அதிகமாக இருந்தது. நெடுஞ்சாலை வளைகிற இடத்தில் அவருடைய டயர்க்கடை. வீட்டின் பின்னறையில் பழைய ட்யூப்களை மூட்டை மூட்டையாகப் போட்டு வைத்திருந்தார். அதையெல்லாம் கடைக்கு வாரிக்கொண்டு போய், அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மேசை போட்டு, கதவு ஒழுங்காகச் சாத்துவதற்கு அடியில் இழைத்தும் கொடுத்தார். அவள் தம்பிக்கு செல்போன் ரிப்பேர் வேலை. அவன் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாட்டி, காமிரா வைத்துக் கொடுத்தான். ரப்பர் வாடை மட்டும் கடைசிவரை அந்த அறையை விட்டுப் போகவில்லை.

சாயங்காலம் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் சமையல் டயர்காரரிடம் வந்துவிடும். லாரி டயரை ஒற்றை ஆளாகக் கழற்றி மாட்டுகிறவருக்கு ஒரு பாத்திரத்தை அடிப்பிடிக்காமல் இறக்கத் தெரியவில்லை.

"உப்பு எங்கம்மா?" என்று சாத்திய கதவைப் பார்த்துக் கத்துவார்.

"அம்மா கிளாஸ்ல இருக்காங்கப்பா. உப்பு உங்க முழங்கைக்குப் பக்கத்துலயே இருக்கு" என்பாள் மகள்.

இப்படியே ஓடியது. பாதி வெந்த உருளைக்கிழங்கையும் கருகிய முட்டையையும் மூன்று பேரும் வாய் திறக்காமல் தின்று பழகிவிட்டார்கள். கடைசிப் பரீட்சையின் கடைசித் தாள்வரை கப்பல் கவிழாமல் வந்துவிட்டது. கரை சேருகிற நேரத்தில்தான் டயர்காரர் உள்ளே போனார்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தகவலை மச்சான்தான் படித்துச் சொன்னான். மற்ற எல்லாத் தாளிலும் தேர்ச்சி. அந்த ஒரு தாளின் முடிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தேர்வு நேரத்தில் அறைக்குள் இன்னொரு நபர் வந்தார், மாணவி திரைக்கு வெளியே பார்த்துப் பேசினார். விசாரணை உண்டு. வந்த நபரும் அதில் காமிரா முன்னால் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

"மாமா, நீங்க உள்ள போனீங்களா?"

"போனேன்."

"எதுக்கு?"

"சும்மாதான் மச்சான்."

"சும்மாவா? காமிரா பாத்துக்கிட்டே இருக்கும், கண்ணு அந்தப் பக்கம் போனாக்கூடக் குறிச்சு வச்சுக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! சும்மா போறதுக்கு உங்களுக்கு வேற ரூமே கிடைக்கலியா?"

"நான்தான் ஒண்ணும் பண்ணலையே. எழுதுன்னுதானே சொன்னேன்."

"அதைத்தான் மாமா அவங்க கேக்கறாங்க. என்னத்தை எழுதச் சொன்னீங்கன்னு."



அவர் ஏன் போனார் என்பதில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெளிவு இருந்தது. அக்கா சொன்னாள்: "எந்தம்பிக்குப் பசி. வேற என்ன? பொண்டாட்டி உள்ள இருக்கா, அடுப்பு வெளிய இருக்கு. வாய்விட்டுக் கேக்கத் தெரியாத ஜென்மம். போய் நின்னிருக்கும்." மச்சான் அக்கா இல்லாத நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னான்: "கோச்சுக்காதீங்க மாமா. பொண்டாட்டி நம்மளை விடப் பெரிய படிப்புக்குப் போனா ஆம்பளைக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி இருக்கும். நமக்கே தெரியாது." மகள் சொன்னது வேறு: "அப்பாவுக்கு எழுதி ஒட்டினா ஏறாது. எதையும் தொட்டுப் பாத்தாத்தான் ஆகும்."

டயர்காரர் ஒவ்வொன்றையும் எடுத்துத் தனக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தார். பசியா? அன்று கடையிலேயே ரொட்டியும் டீயும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். பொறாமையா? அதுதான் அவரை உலுக்கியது. இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. அவர் எட்டாவதுக்கு மேல் போனதில்லை. அவள் சாப்பிடும்போது ஏதோ பழைய சண்டையைப் பற்றி மகளிடம் சொல்லுவாள். அவர் தட்டைப் பார்த்தபடி கேட்பார். நன்றாகத்தான் இருக்கும். நன்றாக இருப்பது மட்டும்தானா, வேறு ஏதாவதும் இருக்குமா என்று இப்போது யோசித்தால் எல்லாமே குழம்பியது.

மனைவி திட்டியிருந்தால் ஒரு பிடி கிடைத்திருக்கும். அவள் திட்டவில்லை. தகவல் வந்த அன்று ஒரே ஒரு தடவை, "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். "தெரியலம்மா" என்றார்.  ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு எழுந்து போய் டீ போட்டுக்கொண்டுவந்து அவருக்கும் ஒன்று வைத்தாள். அதோடு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவருடைய எண்ணெய்ச் சட்டையைத் துவைத்தாள், அவருக்குப் பிடித்த மாதிரி முறுகலாக உருளைக்கிழங்கு வறுத்தாள். இது கோபமா, கோபமில்லையா என்று டயர்காரருக்குப் பிடிபடவில்லை. பழக்கப்பட்ட சண்டை என்றால் எப்போது தணியும் என்று தெரியும். இதற்கு அடியும் தெரியவில்லை, முடியும் தெரியவில்லை.

கடையிலும் கை தடுமாறியது. ஒரு டாக்சிக்காரர் பஞ்சர் என்று வந்தார். ட்யூபை வெளியே எடுத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வந்த இடத்தைத் தேய்த்து, பேட்ச் ஒட்டி, பழையபடி டயருக்குள் போட்டு மாட்டி அனுப்பினார். டாக்சி வளைவு தாண்டியிருக்காது, மறுபடி நொண்டிக்கொண்டு வந்து நின்றது. பிரித்துப் பார்த்தால் டயரில் ஆணி அப்படியே இருக்கிறது.

"அண்ணே, ஆணியை எடுக்காமலா ஒட்டினீங்க?"

டயர்காரர் ஆணியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து அவர் செய்யாத தப்பு அது. "மன்னிச்சுக்கப்பா. தலை வேற எங்கயோ இருக்கு" என்றார். "தலை எங்க வேணா இருக்கட்டும்ணே. கை இங்க இருக்கட்டும்" என்றார் டாக்சிக்காரர். அவருக்குச் சவாரி தப்பிய எரிச்சல்.

விசாரணை நாள் நெருங்க நெருங்க வீட்டில் ஒத்திகை நடந்தது. உண்மையைச் சொன்னால் எடுபடாது என்பதில் அக்காவும் மச்சானும் ஒரே கட்சி. அவர்கள் இருவரும் எதிலாவது ஒத்துப்போய் அந்த வீடு பார்த்ததில்லை.

"பாப்பா வழுக்கி விழுந்து மண்டையில அடின்னு சொல்லுங்க. பதறிப்போய் உள்ள வந்தேன்னு சொல்லுங்க. யாரு மாட்டேன்னு சொல்லுவாங்க?" என்றான் மச்சான்.

"விழுந்தான்னு சொன்னா டாக்டர் சீட்டு கேப்பான். வயித்துவலின்னு சொல்லு. வயித்துவலிக்குச் சாட்சி கிடையாது" என்றாள் அக்கா.

"வலின்னா இவர் எதுக்கு 'ஒண்ணுமில்ல'ன்னுட்டு திரும்பி வரணும்?"

"பதறக் கூடாதேன்னு அப்படிச் சொல்லியிருப்பான். இதுகூட உனக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா?"

மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். டயர்காரர் அவளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

"உங்களைத்தானே கேக்கப் போறாங்க" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "உங்களுக்கு எது வாயில வருதோ அதைச் சொல்லுங்க."

பொய் சொல்லச் சொல்கிறாளா, சொல்ல வேண்டாம் என்கிறாளா? அவருக்கு அதுவும் விளங்கவில்லை.

விசாரணை ஒரு பிற்பகலில் நடந்தது. டயர்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, நகக்கண் வலிக்கிற வரைக்கும் கையைத் தேய்த்துக் கழுவி, கல்யாண வீட்டுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்தார். மனைவி பக்கத்து நாற்காலியில். அக்காவும் மச்சானும் மகளும் காமிராவில் படாமல் சுவரோரம் ஒட்டிக்கொண்டார்கள். திரையில் மூன்று கட்டம். ஒன்றில் விசாரணைக் குழுவின் கண்ணாடி போட்ட தலைவியம்மா, ஒன்றில் ஜலதோஷம் பிடித்த ஒருவர், மூன்றாவது கட்டம் வெறும் கறுப்பு. அதற்குள் ஓர் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது கடைசிவரை தெரியவில்லை.

முதலில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். மனைவியின் முகம். அவள் தோளுக்குப் பின்னால் கதவு திறக்கிறது. டயர்காரர் வருகிறார். நிற்கிறார். அவள் திரும்புகிறாள். அவர் வாய் அசைகிறது. போய்விடுகிறார். தன் முகத்தை அப்படித் தூரத்திலிருந்து பார்ப்பது அவருக்கு விநோதமாக இருந்தது. எதையோ தொலைத்துவிட்டுத் தேட வந்த ஆள் மாதிரி இருந்தது அந்த முகம்.

"நீங்க என்ன சொன்னீங்க? ஒலி சரியாப் பதிவாகல" என்றார் தலைவியம்மா.

"'ஒண்ணுமில்ல, நீ எழுது'ன்னு சொன்னேங்க."

"ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்காகவா உள்ள வந்தீங்க?"

"இல்லீங்க. அவ என்னன்னு கேட்டா. அதுக்காகச் சொன்னது."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

சுவரோரத்திலிருந்து அக்கா வயிற்றைப் பிடித்துக் காட்டினாள். டயர்காரர் வாயைத் திறந்தார். "பாப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கன்னம் உப்ப, சிரிக்கவும் இல்லாமல் அழவும் இல்லாமல் ஒரு பார்வை.

"பாப்பாவுக்கு?" என்றார் தலைவியம்மா.

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கா."

ஜலதோஷக்காரர் தும்மினார்.

"எதுக்குப் போனேன்னு எனக்கே தெரியலீங்க" என்றார் டயர்காரர். "போகக் கூடாதுன்னு தெரியும். போயிட்டேன். அன்னையிலேருந்து யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இவங்க எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. எதுவும் சரியா உக்கார மாட்டேங்குது."

"தெரியலைன்னா நாங்க இதுல என்னன்னு எழுதறது?"

"அப்படியே எழுதிக்குங்க, தெரியலையாம்னு. அவ தப்பு எதுவும் இல்லன்னு மட்டும் சேத்து எழுதிடுங்க."

தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவள் கொஞ்சம் தயங்கினாள். "அவர் சொன்னது உண்மை. நான் திரும்பிப் பாத்ததும் உண்மை" என்றாள். அத்தோடு முடிந்தது. திரை இருண்டதும் மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். அக்கா மாடிக்குப் போய்விட்டாள்.

முடிவு சில நாளில் வந்தது. விதிமீறல் நடந்திருக்கிறது. ஆனால் முறைகேடு செய்யும் நோக்கம் நிரூபணமாகவில்லை. எனவே அந்தத் தாள் செல்லாது, அடுத்த பருவத்தில் மறுபடி எழுதலாம்.

"அப்படின்னா நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?" என்றாள் அக்கா.

மச்சான் இன்னொரு தடவை முழுதாகப் படித்தான். "நடுவுல நிக்கறோம்" என்றான்.

அதற்குப் பிறகு பல வாரம் அவள் பின்னறைப் பக்கமே போகவில்லை. லாண்டரியில் காது ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, எதிரே நின்றவளின் கதையை ஆதி முதல் கேட்டாளாம். சாயங்காலம் சமையலும் அவள் கைக்கே போனது. அக்காவுக்குத் திருப்தி. மகளுக்கு வாய்க்கு ருசி. டயர்காரர்தான் நல்ல சாப்பாட்டை வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். எழுதும்மா என்று சொன்னால் தப்பாகிவிடுமோ, சொல்லாமல் இருந்தால் தப்பாகிவிடுமோ என்று இரண்டையும் செய்யாமல் இருந்தார். மழைக்காலம் ஆரம்பித்த ஒரு நாள், வேலை முடிந்து பிளீச் வாடையோடு வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டயர்காரர் ஒன்றும் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்தார்.

மறுபரீட்சை அன்று அவர் விடியும் முன்பே கடைக்குப் போய்விட்டார். அக்காவையும் மகளையும் மச்சான் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வீட்டில் அவளைத் தவிர ஓர் ஈ காக்கை இல்லை. அன்று மழை விடாமல் பெய்தது. ஆளே வராத கடையில் டயர்காரர் ஒழுங்காக அடுக்கியிருந்த பழைய டயர்களை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றி அடுக்கினார். பிறகு அங்கிருந்து பழையபடி இங்கே கொண்டுவந்து அடுக்கினார். இருட்டியபின் வீட்டுக்குப் போனபோது அவள் தூங்கியிருந்தாள்.

ரிசல்ட் வந்த அன்று அவள் லாண்டரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். அவள் கடைக்கு வருவது அபூர்வம். ஒரு லாரியின் பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டு, லெவரால் டயரை நெம்பிக்கொண்டிருந்தார் டயர்காரர். லாரி டிரைவர் எதிர்ப்பக்கம் ஒரு டீயோடு நின்றிருந்தான். மனைவி போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். கை முழுக்கக் கரி. தொடாமல் எட்டிப் பார்த்தார். எழுத்து சின்னதாக இருந்தது.

"என்னம்மா போட்டிருக்கு?"

"பாஸ்."

"எல்லாமா?"

"எல்லாம் முடிஞ்சுது. எம்.ஏ."

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. லெவரைக் கீழே போட்டார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி லெவரை எடுத்தார். அங்கே அடுக்கியிருந்த டயர்கள் மேல் அவள் உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருப்பவள் மாதிரியும் தெரிந்தது, வண்டியைத் தவறவிட்டவள் மாதிரியும் தெரிந்தது.

"அன்னைக்கு நான் கதவுக்கு வெளிய நின்னேன்" என்றார் டயர்காரர் திடீரென்று. அதைச் சொல்லப் போவது அவருக்கே முன்கூட்டித் தெரியாது. "நீ டைப் அடிக்கற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அது கேக்கற வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல. திடீர்னு நின்னுபோச்சு. மறுபடி கேக்கும் கேக்கும்னு நின்னேன். கேக்கவே இல்ல. உள்ள நீ இல்லாத மாதிரி ஆயிடுச்சு. எங்கயோ போயிட்ட மாதிரி. அந்த ரூமுக்கு வேற வாசலே கிடையாதுன்னு தெரியும். இருந்தாலும்..."

லெவர் முனையால் தரையைக் கீறினார். "இது காரணமான்னும் தெரியல" என்றார்.

 மழை விட்டிருந்தது. சாலையில் வண்டிகள் தண்ணீரைச் சீறி அடித்துக்கொண்டு போயின.

"நின்னுதான் போச்சு" என்றாள் கடைசியில். "ஒரு கேள்வியில மாட்டிக்கிட்டேன். படிச்சது அத்தனையும் துடைச்ச மாதிரிப் போயிடுச்சு. அந்தக் காமிரா வேற பாத்துக்கிட்டே இருக்கு. யாராவது வர மாட்டாங்களா, கூப்பிட மாட்டாங்களான்னு இருந்துச்சு. அப்பத்தான் நீங்க கதவைத் திறந்தீங்க."

டயர்காரர் லெவரோடு நிமிர்ந்தார்.

"உங்களைப் பாத்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அதான் திரும்பிட்டேன். திரும்பாம இருந்திருந்தா, யாரோ தெரியாம உள்ள வந்துட்டாங்கன்னு விட்டுருப்பாங்களோ என்னவோ. நீங்க ஒண்ணுமில்ல எழுதுன்னுட்டுப் போனீங்க. எல்லாம் திரும்பி வந்துடுச்சு. கடகடன்னு எழுதிட்டேன்."

"இதை ஏம்மா இத்தனை நாளாச் சொல்லல? நான் பைத்தியம் பிடிச்ச மாதிரி அலைஞ்சேனே!"

"கோபமாவும் இருந்துச்சே."

"நிம்மதின்னு சொல்றே."

"அதுவும் இருந்துச்சு. உங்களாலதான் போச்சுன்னு இருக்கும். உங்களாலதான் எழுதினேன்னும் இருக்கும். ஒண்ணைச் சொல்ல வாயெடுத்தா இன்னொண்ணு வந்து நிக்கும். எதை முதல்ல சொல்றதுன்னே தெரியல. எம்.ஏ. படிச்சு என்ன, எனக்கு இன்னைக்கும் தெரியல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே திசை மாறி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அந்தக் கேள்வி என்ன, யாருடைய படை எந்த ஆற்றைத் தாண்ட முடியாமல் கரையில் நின்றது, அதற்கு அவள் என்ன எழுதினாள், மறுபரீட்சையில் வேறு என்ன கேட்டார்கள் என்று ஆரம்பித்தாள். கையை நீட்டி ஆறு ஓடுகிற திசையைக் காட்டினாள். டயர்காரர் லெவரை ஊன்றிக்கொண்டு அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

லாரி டிரைவர் காலி டம்ளரோடு வந்து சக்கரத்தைப் பார்த்தான். டயர் பாதி கழன்றபடி கிடந்தது.

"அண்ணே, லோடு போகணும். ஆயிடுச்சா?"

"இருப்பா" என்றார் டயர்காரர், திரும்பாமலே. "என் பொண்டாட்டி பேசிக்கிட்டு இருக்கா."